பச்சைத் திரைக்குப் பின்னால்: வாசகர் கேள்வி பதில்

மெயின்ஃப்ரேம் என்ற பெரிய மையக் கணினியோடு பேசுவதற்கு பி.சி.யில் ஓட்டுகிறோமே டெர்மினல் எமுலேட்டர் என்ற மென்பொருள், இந்த முறை அதைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவற்றில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. புதிதாக வேலைக்கு வருகிறவரிடம் "இந்த ஐக்கானைத் திற, இந்த ஐ.டி.யைப் போடு" என்று சொல்லி உட்கார வைத்துவிடுகிறார்கள், அந்த ஜன்னலுக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் முதல் பதிலை வேண்டுமென்றே நீளமாக எழுதியிருக்கிறேன். அதைப் பொறுமையாகப் படித்துவிட்டால் மற்ற பதில்களில் பாதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

கேள்வி: ஐயா, மெயின்ஃப்ரேம் வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. டைப் செய்துகொண்டிருக்கும்போதே கீபோர்டு பூட்டிக்கொள்கிறது, திரைக்கு அடியில் எக்ஸ் குறி வருகிறது. சீனியரைக் கேட்டால் "ரீசெட் அடி" என்கிறார். சில நேரம் சரியாகிறது, சில நேரம் ஆவதில்லை. ஏன்?

பதில்: ஏனென்றால் பூட்டு ஒன்றல்ல, மூன்று வகை. எல்லாவற்றுக்கும் ஒரே சாவி கிடையாது.

உங்கள் பி.சி.யில் ஓடுவது, 1971-ல் ஐ.பி.எம். வெளியிட்ட 3270 என்ற டெர்மினல் (திரையும் கீபோர்டும் கொண்ட முனையம்) குடும்பத்தின் மென்பொருள் வடிவம். அப்போது ஒரு கண்ட்ரோலர் பெட்டியில் 32 டெர்மினல் வரை மாட்டலாம், அப்படிப் பல பெட்டிகள் எங்கெங்கிருந்தோ மெதுவான லைன்களில் ஒரே மெயின்ஃப்ரேமோடு பேசும். நொடிக்கு 9,600 பிட் போகிற லைனில், 24 வரி 80 எழுத்து கொண்ட முழுத் திரை, அதாவது 1,920 எழுத்து, வந்து சேரவே ஒன்றரை நொடிக்கு மேல் ஆகும். இந்த நிலையில் ஒவ்வொருவர் தட்டும் ஒவ்வொரு எழுத்துக்கும் மெயின்ஃப்ரேம் எட்டிப் பார்க்க வேண்டும் என்றால் எந்த வேலையும் நடக்காது. அதனால் மெயின்ஃப்ரேம் திரையை ஒரு படிவம் மாதிரி அனுப்பிவிடுகிறது: இங்கே தலைப்பு, இங்கே பத்து எழுத்துக்கு ஒரு ஃபீல்டு, இதில் எண் மட்டும், இதைத் தொடக்கூடாது. அனுப்பியதும் அதன் பொறுப்பு முடிந்தது. சிஐசிஎஸ் (மெயின்ஃப்ரேமில் திரைவழி வேலைகளை நடத்தும் மென்பொருள்) புரோகிராமாக இருந்தால் பெரும்பாலும் அது நிஜமாகவே ஓட்டத்தை முடித்துக்கொண்டு போயிருக்கும். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் ஐந்து நிமிடமும் அங்கே உங்களுக்காக யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை.

நீங்கள் டைப் செய்வது, அழிப்பது, அம்புக்குறியால் கர்சரை நகர்த்துவது எல்லாம் உங்கள் பி.சி.க்குள்ளேயே நடக்கிறது. மெயின்ஃப்ரேமுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. என்டர் அல்லது எஃப்1, எஃப்2 மாதிரி ஒரு பி.எஃப். விசையை அழுத்தும் நொடியில்தான் எமுலேட்டர் மூன்று விஷயங்களைக் கட்டி அனுப்புகிறது: எந்த விசை, கர்சர் எங்கே, மாற்றப்பட்ட ஃபீல்டுகளில் என்ன இருக்கிறது. மாற்றாத ஃபீல்டு போகாது. ஒவ்வொரு ஃபீல்டுக்கும் "இது தொடப்பட்டது" என்று சொல்ல ஒரு பிட் உண்டு, அதை வைத்துத்தான் எமுலேட்டர் முடிவு செய்கிறது. இன்று வலைப்பக்கத்தில் ஒரு படிவத்தை நிரப்பிவிட்டுச் சமர்ப்பிக்கிறீர்களே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான், வலைப்பக்கம் வருவதற்கு இருபது வருடம் முன்பே.

இப்போது பூட்டுக்கு வருகிறேன். முதல் வகை, தொடக்கூடாத இடத்தில் நீங்கள் டைப் செய்தது. எக்ஸ் குறிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மனித உருவமும் இருபுறமும் அம்பும் தெரியும். இந்தப் பூட்டைப் போட்டது உங்கள் எமுலேட்டரேதான், மெயின்ஃப்ரேமுக்கு இதில் சம்பந்தமே இல்லை. ரீசெட் அழுத்தினால் போய்விடும், அப்புறம் டேப் அழுத்தி சரியான ஃபீல்டுக்குப் போய்க்கொள்ளலாம்.

இரண்டாவது வகை, நீங்கள் என்டர் அழுத்தி அனுப்பிய பிறகு வருவது. கடிகாரப் படம் என்றால் பதிலுக்காக எமுலேட்டர் காத்திருக்கிறது. எக்ஸ் சிஸ்டம் என்றால் அனுப்பியது போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் "கீபோர்டைத் திற" என்று மெயின்ஃப்ரேம் இன்னும் சொல்லவில்லை. அந்த அனுமதி அது திருப்பி அனுப்பும் டேட்டாவில் ஒரு பிட்டாக வரும். எக்ஸ் சிஸ்டம் பூட்டைப் பல எமுலேட்டர்களில் ரீசெட் திறந்துவிடும் என்பது உண்மை, ஆனால் தயவுசெய்து அதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். பூட்டு திறந்ததே தவிர, அங்கே உங்கள் வேலை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பொறுமையில்லாமல் திறந்து மறுபடி என்டர் தட்டினால் ஒரே பதிவு இரண்டு முறை போகிற வாய்ப்பு உண்டு. மெயின்ஃப்ரேமில் நேரடியாகக் கட்டளை கொடுக்கும் பகுதியான டி.எஸ்.ஓ.வில் ஏதோ ஒன்று முடியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்றால் அதற்கு உரிய வழி அட்டென்ஷன் அல்லது பி.ஏ.1 விசை.

மூன்றாவது வகை, தொடர்பே அறுந்து போனது. பீகாம் போன்ற எமுலேட்டரில் 'காம்' என்ற சொல்லோடு ஒரு எண்ணும் அடி வரிசையில் வரும். இதற்கு ரீசெட்டால் பயனில்லை. மறுபடி இணைக்க வேண்டியதுதான்.

ஆக, சீனியர் சொன்னது முதல் வகைக்கு முழுக்கச் சரி. திரைக்கு அடியில் இருக்கிற அந்த ஒரு வரியைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள், அப்புறம் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

கேள்வி: என்டர் அழுத்தினால் கர்சர் அடுத்த வரிக்குத்தான் போகிறது, எதுவும் நடக்கவில்லை. பக்கத்தில் இருப்பவர் வலது கன்ட்ரோல் விசையை அழுத்துகிறார், அவருக்கு வேலை செய்கிறது. இது என்ன விசித்திரம்?

பதில்: பழைய 3270 கீபோர்டில், நாம் இன்று பெரிய என்டர் விசையைப் பார்க்கிற இடத்தில் இருந்தது 'நியூலைன்', அதாவது அடுத்த வரியின் முதல் ஃபீல்டுக்குப் போகும் விசை. உண்மையான என்டர் கீழ் வரிசையில், ஸ்பேஸ் பாருக்கு வலது பக்கம் தனியாக இருந்தது. அந்த இடம் பி.சி. கீபோர்டில் வலது கன்ட்ரோல் ஆகிவிட்டது. டெர்மினலில் பழகிய கைகள் தடுமாறக் கூடாது என்று எமுலேட்டர் செய்தவர்கள் இடத்தை அப்படியே வைத்துவிட்டார்கள். இடது கன்ட்ரோல் ரீசெட்டாக இருப்பதும் இதே கதைதான்.

கீபோர்டு மேப்பிங் என்று அமைப்புகளில் ஒரு பகுதி இருக்கும், அதில் போய் என்டரை என்டராகவே மாற்றிக்கொள்ளலாம். தவறே இல்லை. ஆனால் நியூலைனுக்கும் ஒரு விசை ஒதுக்கிக்கொள்ளுங்கள், பல வரிகள் உள்ள திரையில் அது இல்லாமல் டேப் தட்டித் தட்டியே கை ஓய்ந்துவிடும். பி.எஃப். விசைகள் 24 உண்டு; 13 முதல் 24 வரை வழக்கமாக ஷிஃப்ட்டோடு எஃப்1 முதல் எஃப்12.

கூடவே இன்னொன்று. பி.எஃப். விசை அழுத்தினால் நீங்கள் டைப் செய்ததும் சேர்ந்து போகும். பி.ஏ.1, பி.ஏ.2, பி.ஏ.3, கிளியர் இவற்றை அழுத்தினால் விசையின் பெயர் மட்டும்தான் போகும், டைப் செய்தது போகாது. "எல்லாம் நிரப்பினேன், காணோம்" என்று சொல்பவர்களில் பலர் தெரியாமல் கிளியர் அழுத்தியவர்கள்.

கேள்வி: நான் எழுதிய ரெக்ஸ் புரோகிராமில் இரண்டு செங்குத்துக் கோடு போட்டிருந்தேன். வேறொரு கிளையில் இருப்பவர் திறந்தால் அதே இடத்தில் இரண்டு ஆச்சரியக்குறி தெரிகிறதாம். ஃபைல் கெட்டுவிட்டதா?

பதில்: ஃபைல் கெடவில்லை. அவருடைய எமுலேட்டரில் கோட் பேஜ் வேறு.

ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் தரும் முறைகள் பல உண்டு. மெயின்ஃப்ரேம் எழுத்துகளை வைத்திருப்பது பி.சி. பக்கத்து ஆஸ்கி முறையில் அல்ல, எப்சிடிக் முறையில். ஆங்கிலப் பெரிய 'ஏ' ஆஸ்கியில் 65, எப்சிடிக்கில் 193. பூஜ்யம் ஆஸ்கியில் 48, எப்சிடிக்கில் 240. எழுத்துகள் வரிசையாகக்கூட இல்லை: 'ஐ' 201-ல் முடிந்து 'ஜே' 209-ல் தொடங்கும், துளை அட்டைக் காலத்தின் மிச்சம் அது. எமுலேட்டர் வந்த ஒவ்வொரு பைட்டையும் ஒரு அட்டவணையில் பார்த்து உங்கள் திரைக்கு மாற்றுகிறது. அந்த அட்டவணைதான் கோட் பேஜ், அது ஒன்று அல்ல, பல.

ஆங்கில எழுத்துகளும் எண்களும் பெரும்பாலான அட்டவணைகளில் ஒன்றாகவே இருக்கும், அதனால் மாதக்கணக்கில் யாருக்கும் சந்தேகம் வராது. இடிப்பது குறிகளில்தான். அமெரிக்கப் பயன்பாட்டுக்கான 037-ல் 79-ஆம் எண் செங்குத்துக் கோடு, பன்னாட்டுப் பயன்பாட்டுக்கான 500-ல் அதே 79 ஆச்சரியக்குறி. நீங்கள் 037-ல் எழுதினீர்கள், அவர் 500-ல் பார்க்கிறார். உள்ளே இருக்கும் பைட் ஒன்றேதான்.

சி மொழியில் எழுதுகிறவர்களுக்கும் ஜேசன் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கும் இதே தொல்லை சதுர அடைப்புக்குறியில் வரும். 037-ல் திறக்கும் சதுர அடைப்பு 186, யூனிக்ஸ் பக்கத்தில் புழங்கும் 1047-ல் அதே குறி 173. சி கம்பைலர் இயல்பாக எதிர்பார்ப்பது 1047-ஐ. திரையில் கண்ணுக்கு அடைப்புக்குறியாகவே தெரியும், கம்பைலர் மட்டும் புரியவில்லை என்று சத்தம் போடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். தவறான கோட் பேஜில் பார்ப்பதால் எதுவும் கெடாது. தவறான கோட் பேஜில் அந்தக் குறியைத் திருத்தி சேமித்தால் நிஜமாகவே கெடும். அவர் அந்த ஆச்சரியக்குறியைப் பார்த்து "தப்பாக இருக்கிறதே" என்று செங்குத்துக் கோடாக மாற்றிவிட்டால் அப்போது உங்கள் பக்கம் உடையும். முதலில் குழுவில் எல்லோரும் ஒரே கோட் பேஜுக்கு வாருங்கள், அதன் பிறகு கை வையுங்கள்.

கேள்வி: புட்டி என்ற இலவச மென்பொருள் ஏற்கெனவே என் கணினியில் இருக்கிறது. அதுவும் டெர்மினல் எமுலேட்டர்தானே, மெயின்ஃப்ரேமுக்கு ஏன் தனியாக வேண்டும்?

பதில்: புட்டி நடிப்பது வேறு ஒரு டெர்மினலாக. அதன் வம்சம் டெக் நிறுவனம் 1978-ல் கொண்டுவந்த விடி100. அந்த உலகத்தில் நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் உடனே மறுமுனைக்குப் போகும், மறுமுனை அதைத் திருப்பி அனுப்பினால்தான் திரையிலேயே தெரியும். மேலே சொன்ன படிவம், ஃபீல்டு, பூட்டு எதுவும் அங்கே இல்லை. இரண்டும் டெல்நெட் என்ற நெட்வொர்க் இணைப்பு முறை வழியாகப் போகலாம் என்பதால் ஒன்று போலத் தோன்றுகிறது, ஆனால் வழி ஒன்று, பேசும் மொழி வேறு. 3270 மொழியை டெல்நெட் வழியே பேசுவதற்கு டிஎன்3270 என்று பெயர், அதன் மேம்பட்ட வடிவமான டிஎன்3270இ 1998-ல் ஆர்எஃப்சி 2355 என்ற இணைய ஆவணமாக எழுதப்பட்டது. ஐ.பி.எம்.மின் ஏஎஸ்/400 கணினிகளுக்கு 5250 என்று இன்னொரு குடும்பம், அதற்கு டிஎன்5250.

மெயின்ஃப்ரேமின் இயங்குதளமான இசட்/ஓஎஸ்-க்குள் இருக்கும் யூனிக்ஸ் பகுதிக்கோ, மெயின்ஃப்ரேமில் ஓடும் லினக்ஸுக்கோ எஸ்எஸ்எச் வழியாகப் போக வேண்டும் என்றால் புட்டியே போதும். ஐஎஸ்பிஎஃப் (டி.எஸ்.ஓ.வில் மெனு, எடிட்டர் திரைகளைத் தரும் மென்பொருள்), சிஐசிஎஸ் திரைகளுக்கு முடியாது.

கேள்வி: தினமும் முன்னூறு பதிவுகளை ஒரு திரையில் கையால் ஏற்றுகிறோம். அதற்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பத்து நாள் நன்றாக ஓடியது, பதினோராவது நாள் பதிவுகள் தாறுமாறாகிவிட்டன. ஒவ்வொரு என்டருக்கும் பிறகு இரண்டு நொடி காத்திருக்கும்படிதான் எழுதியிருந்தேன். நான்கு நொடி ஆக்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. பத்து வைத்தாலும் ஆகாது, நிரந்தரமாக மெதுவாகும் அவ்வளவுதான், ஒரு நாள் பதினொரு நொடி எடுக்கும்போது மறுபடி உடையும்.

இதை நான் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த இடத்தில் இதே மாதிரி நொடிக் கணக்கில் காத்திருக்கும் ஒரு மேக்ரோ ஓடிக்கொண்டிருந்தது. மாதக் கடைசியில் மெயின்ஃப்ரேம் மெதுவான ஒரு மாலையில், திரை மாறுவதற்கு முன்பே மேக்ரோ அடுத்த பதிவின் எண்களைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. தேதி இருக்க வேண்டிய ஃபீல்டில் தொகையின் பாதி, தொகை இருக்க வேண்டிய இடத்தில் கணக்கு எண்ணின் வால். சில பதிவுகளை மெயின்ஃப்ரேம் பிழை என்று தள்ளிவிட்டது, அவற்றால் தொல்லை இல்லை. தள்ளாமல் ஏற்றுக்கொண்ட பதிவுகளைக் கண்டுபிடித்துத் திருத்த நாங்கள் நான்கு பேர் இரண்டு நாள் உட்கார்ந்தோம். அதிலிருந்து நொடி எண்ணும் ஸ்கிரிப்டை எங்கே பார்த்தாலும் எனக்குப் பொறுப்பதில்லை.

ஸ்கிரிப்ட் காத்திருக்க வேண்டியது நேரத்துக்காக அல்ல, நிலைக்காக. முதல் நிபந்தனை, கீபோர்டு திறந்திருக்க வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது, இங்கேதான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். சில புரோகிராம்கள் ஒரு என்டருக்குத் திரையை இரண்டு தவணையாக அனுப்பும். முதல் தவணையிலேயே கீபோர்டைத் திறந்துவிட்டால், பாதித் திரையை முழுத் திரை என்று நினைத்து ஸ்கிரிப்ட் பாயும். அதனால் இரண்டாவது நிபந்தனை, நீங்கள் எதிர்பார்க்கும் திரைதான் வந்திருக்கிறதா என்று குறிப்பிட்ட வரி, குறிப்பிட்ட இடத்தில் உள்ள எழுத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். திரையின் தலைப்பு அல்லது திரை எண் இதற்குத் தோது. மூன்றாவது, டைப் செய்த பிறகு, என்டருக்கு முன்னால், அந்த ஃபீல்டுகளைத் திரும்பப் படித்து நீங்கள் கொடுத்ததோடு ஒப்பிடுங்கள். நான்காவது, என்டருக்குப் பிறகு "பதிவு ஏற்றப்பட்டது" என்ற செய்தி வரும் வரியைப் படித்து, அது வராவிட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். தானாக மறுமுயற்சி செய்ய வேண்டாம், ஏனென்றால் போன பதிவு உண்மையில் ஏறியதா இல்லையா என்று ஸ்கிரிப்டுக்குத் தெரியாது.

இதையெல்லாம் செய்யக் கருவிகள் உண்டு. வணிக எமுலேட்டர்களில் ஹெச்எல்எல்ஏபிஐ என்ற பழைய இடைமுகம் இருக்கிறது, 'ஹல்லாப்பி' என்றுதான் எல்லோரும் சொல்வோம். 'ஏ' முதல் 'இசட்' வரை ஒரு எழுத்தால் செஷனைக் குறித்து, அதன் திரையைப் படிக்கலாம், தேடலாம், விசைகளை அனுப்பலாம். இலவசத்தில் எக்ஸ்3270 குடும்பத்தைச் சேர்ந்த எஸ்3270 இருக்கிறது. அதற்குத் திரையே கிடையாது, கட்டளை கொடுத்தால் பதில் தரும். பைத்தானில் எழுதுகிறவர்கள் அதன் மேல்தான் கட்டுகிறார்கள்.

முன்னூறு என்பது நாளை மூவாயிரம் ஆகும் என்றால், திரையை விட்டுவிடுங்கள். அந்தப் புரோகிராமுக்குப் பின்னால் உள்ள குழுவிடம் ஒரு பேட்ச் வழியோ (மொத்தமாக ஏற்றுவது) ஏபிஐ வழியோ (புரோகிராமோடு புரோகிராமே பேசுவது) கேளுங்கள். திரை மனிதர்களுக்காக வரையப்பட்டது, ஒரு ஃபீல்டை இரண்டு இடம் நகர்த்தினாலே உங்கள் ஸ்கிரிப்ட் போய்விடும், அதைச் செய்கிறவர் உங்களிடம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கேள்வி: எமுலேட்டர் வழியாக ஒரு ஃபைலை பி.சி.க்கு இறக்கினேன். பெயர்கள் சரியாக இருக்கின்றன, தொகைகள் மட்டும் கிறுக்கலாக வருகின்றன.

பதில்: தொகைகள் 'பேக்டு டெசிமல்' ஆக இருக்கும், கோபால் மொழியில் எழுதுகிறவர்கள் காம்ப்-3 என்பார்கள். ஒரு பைட்டில் இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் கூட்டல் கழித்தல் குறி. 12345 என்ற நேர்மறை எண் 12, 34, 5சி என்று (பதினாறடிமான எண்முறையில், 'சி' கூட்டல் குறி) மூன்றே பைட்டில் உட்கார்ந்துகொள்ளும்.

நீங்கள் ஐஎன்டி$ஃபைல் என்ற ஃபைல் மாற்றும் கட்டளை வழியாக இறக்கும்போது 'டெக்ஸ்ட்' என்று தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அதாவது ஒவ்வொரு பைட்டையும் எழுத்து என்று நினைத்து எப்சிடிக்கிலிருந்து ஆஸ்கிக்கு மாற்று என்று சொல்லிவிட்டீர்கள். பெயர்களுக்கு அது சரி. 5சி என்ற பைட் எப்சிடிக்கில் நட்சத்திரக் குறி. ஆஸ்கியில் நட்சத்திரம் 2ஏ. ஆக, கடைசி இலக்கமான 5 இப்போது 2 ஆகிவிட்டது. பயமுறுத்துவது என்னவென்றால், 'ஏ' என்பதையும் கூட்டல் குறியாக ஏற்றுக்கொள்வது பேக்டு டெசிமலின் விதி. அதனால் அந்த பைட் பார்வைக்கு முறையானதாகவே இருக்கும், மதிப்பு மட்டும் தவறு. உங்களுக்குக் கிறுக்கலாக வந்தது ஒருவகையில் நல்லது, உடனே தெரிந்துவிட்டது.

சுலபமான வழி, மெயின்ஃப்ரேமிலேயே டிஎஃப்சார்ட் போன்ற வரிசைப்படுத்தும் மென்பொருள் ஒன்றைக் கொண்டு அந்தத் தொகைகளைப் படிக்கக்கூடிய எண்களாக மாற்றி வேறொரு ஃபைலில் எழுதிவிட்டு, அதை டெக்ஸ்டாக இறக்குவது. இல்லையென்றால் மொத்தத்தையும் பைனரியாக இறக்கி, பி.சி.யில் ஒவ்வொரு ஃபீல்டையும் அதன் வகை பார்த்துப் பிரிக்க வேண்டும். ஏற்கெனவே டெக்ஸ்டாக இறக்கியதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், மறுபடி இறக்குங்கள். இறக்கும்போது டி.எஸ்.ஓ. ரெடி நிலையிலோ ஐஎஸ்பிஎஃப் 6-ஆம் தேர்விலோ இருங்கள், ஏனென்றால் எமுலேட்டர் அந்தக் கட்டளையை உங்களுக்காகத் திரையில் தானே டைப் செய்கிறது, வேறு திரையில் இருந்தால் அது தவறான ஃபீல்டில் போய் விழும்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் எமுலேட்டர் 23-ஆம் போர்ட்டில் சாதாரணமாக இணைகிறது. கேட்டால் "எல்லாம் எப்சிடிக், யாரும் படிக்க முடியாது" என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை, கொஞ்சமும் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது. எப்சிடிக் என்பது ரகசியக் குறியீடு அல்ல, வெளியிட்டு வைத்திருக்கும் ஒரு அட்டவணை. நெட்வொர்க்கில் போவதைப் பிடிக்கத் தெரிந்த யாருக்கும் உங்கள் பாஸ்வேர்டை அந்த அட்டவணையில் பார்த்து எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. டிஎன்3270-ஐ டிஎல்எஸ் என்ற மறையாக்கப் பாதுகாப்புக்குள் ஓட்டுவது பல வருடங்களாகச் சாத்தியம், வழக்கமாக 992-ஆம் போர்ட்டில். இன்றைய எமுலேட்டர்கள் எல்லாவற்றிலும் அதற்கான அமைப்பு இருக்கிறது. இணைக்கும்போது சான்றிதழைச் சரிபார்க்கும் தேர்வையும் அணைத்து வைக்காதீர்கள்.

இன்னொன்றையும் புரோகிராமர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திரையில் தெரியாத ஃபீல்டு என்று ஒரு பண்பு உண்டு, சிஐசிஎஸ் திரைகளை வரையறுக்கும் பிஎம்எஸ்-ல் 'டார்க்' என்று போடுவோம். பாஸ்வேர்டு டைப் செய்யும் இடத்துக்கு அது பொருத்தம். ஆனால் அந்த ஃபீல்டில் மெயின்ஃப்ரேம் ஏதாவது அனுப்பினால், அது எமுலேட்டருக்கு முழுசாக வந்து சேர்கிறது, காட்டாமல் இருப்பது மட்டும்தான் எமுலேட்டரின் வேலை. காட்டு என்று சொன்னால் காட்டிவிடும் மென்பொருள்கள் இருக்கின்றன. தொடக்கூடாத ஃபீல்டும் அப்படியே: அதைக் காப்பது உங்கள் பி.சி.யில் ஓடும் மென்பொருள், மெயின்ஃப்ரேம் அல்ல. பயனர் பார்க்கக் கூடாததை அனுப்பாதீர்கள், திரும்பி வருவதை நம்பாமல் மறுபடி சரிபாருங்கள்.

கேள்வி: நெட்வொர்க் எல்லாம் வருவதற்கு முன் பி.சி.யை மெயின்ஃப்ரேமோடு எப்படி இணைத்தார்கள்?

பதில்: ஒரு அட்டை மூலம். 1982-ல் டிசிஏ என்ற நிறுவனம் இர்மா என்ற அட்டையைக் கொண்டுவந்தது. பி.சி.க்குள் அதைச் செருகி, டெர்மினலுக்குப் போகிற கோஆக்ஸ் கேபிளைப் பிடுங்கி இதில் மாட்டினால் போதும், மறுமுனையில் இருக்கும் கண்ட்ரோலருக்கு வித்தியாசமே தெரியாது. மேசையில் டெர்மினல் ஒன்று, பி.சி. ஒன்று என்று இரண்டு வைத்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த வருடமே ஐ.பி.எம். தன் பங்குக்கு 3270 பி.சி. என்ற ஒன்றை வெளியிட்டது. அப்புறம் உள்ளூர் நெட்வொர்க்கில் ஒரு கேட்வே வைத்துப் பலர் பகிர்ந்துகொண்டார்கள், அதற்கும் அப்புறம் டிசிபி/ஐபி வந்து கேபிள், அட்டை எல்லாவற்றையும் தேவையில்லாமல் ஆக்கிவிட்டது.

கேள்வி: நாங்கள் பயன்படுத்தும் ரிஃப்ளெக்ஷன் எமுலேட்டருக்குப் பழைய ஆவணத்தில் ஒரு கம்பெனி பெயர், புதியதில் வேறு பெயர். எது சரி?

பதில்: எல்லாமே, அந்தந்தக் காலத்தில். முதலில் டபிள்யூஆர்க்யூ என்ற கம்பெனி செய்தது, 2005-ல் அது அட்டாச்மேட்டோடு இணைந்தது, 2014-ல் அட்டாச்மேட் மைக்ரோ ஃபோகஸிடம் போனது, 2023-ல் மைக்ரோ ஃபோகஸை ஓப்பன்டெக்ஸ்ட் வாங்கியது, 2024-ல் அந்தப் பிரிவு ராக்கெட் சாஃப்ட்வேருக்குக் கை மாறியது. உதவி கேட்க இப்போது போக வேண்டியது ராக்கெட்டிடம்.

கேள்வி: ரிப்போர்ட் 132 எழுத்து அகலம், திரை 80 தான். எமுலேட்டரில் மாடல் 5 என்று மாற்றினேன், ஆனாலும் பல திரைகள் 80 ஆகவே வருகின்றன.

பதில்: மாடல் 5 என்றால் 27 வரி, 132 எழுத்து. நீங்கள் அதைத் தேர்ந்தெடுப்பது "என்னால் இவ்வளவு காட்ட முடியும்" என்ற அறிவிப்பு மட்டுமே. திரையை எந்த அளவில் வரைவது என்று ஒவ்வொரு முறையும் தீர்மானிப்பது மெயின்ஃப்ரேமில் ஓடும் புரோகிராம், அது அனுப்பும் கட்டளையே இரண்டு விதம், ஒன்று இயல்பான 24-க்கு 80, மற்றொன்று மாற்று அளவு. ஐஎஸ்பிஎஃப்-ல் அமைப்புகளுக்குள் போய்த் திரை வடிவத்தை 'மேக்ஸ்' என்று வைத்துப் பாருங்கள், அங்கே கிடைத்துவிடும். 80-க்கு எழுதப்பட்ட சிஐசிஎஸ் திரை 80 ஆகத்தான் வரும். மாற்றிய பிறகு செஷனைத் துண்டித்து மறுபடி இணைக்கவும் மறக்காதீர்கள், மாடல் என்ன என்று எமுலேட்டர் சொல்வது இணையும்போதுதான்.

கேள்வி: நான் மாணவி. வேலைக்குப் போவதற்கு முன்பே வீட்டில் இதைப் பழக வேண்டும். மெயின்ஃப்ரேமுக்கு எங்கே போவது?

பதில்: நல்ல கேள்வி. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள் அம்மா, டெர்மினல் எமுலேட்டர் வேறு, மெயின்ஃப்ரேம் எமுலேட்டர் வேறு. இரண்டாவதற்கு ஹெர்குலிஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, ரோஜர் பவுலர் 1999-ல் தொடங்கி வைத்தது. அது உங்கள் பி.சி.யை ஒரு மெயின்ஃப்ரேமாகவே நடிக்க வைக்கும். அதன் மேல் எம்விஎஸ் 3.8 என்ற பழைய இயங்குதளத்தைச் சட்டச் சிக்கல் இல்லாமல் ஓட்டலாம். டிகே4, டிகே5 என்ற பெயர்களில் ஆர்வலர்கள் அதை முழுத் தொகுப்பாகவே கட்டி வைத்திருக்கிறார்கள். இன்றைய இசட்/ஓஎஸ்-ஐ இதில் ஓட்ட உரிமம் இடம் தராது, யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஹெர்குலிஸ் ஓட ஆரம்பித்ததும், எக்ஸ்3270-ஐ அதே கணினியில் திறந்து, விண்டோஸ் என்றால் டபிள்யூசி3270, லோக்கல்ஹோஸ்ட் 3270-ஆம் போர்ட்டுக்கு இணையுங்கள். லோகான் திரை வரும். கூடவே ஐ.பி.எம். நடத்தும் இசட் எக்ஸ்ப்ளோர் என்ற இலவசப் பயிற்சியில் பதிவு செய்தால் உண்மையான இசட்/ஓஎஸ்-லேயே பழகலாம்.

முதல் நாள் பெரிதாக எதுவும் எழுத வேண்டாம். லோகான் செய்து, தொடக்கூடாத இடத்தில் வேண்டுமென்றே ஒரு எழுத்தைத் தட்டுங்கள், அடி வரிசையில் எக்ஸ் குறி வருகிறதா பாருங்கள், ரீசெட் அழுத்துங்கள். அடுத்து ஏதாவது ஒரு ஃபீல்டில் பாதி டைப் செய்துவிட்டு கிளியர் அழுத்துங்கள். எக்ஸ்3270-ஐத் திறக்கும்போது 'ட்ரேஸ்' தேர்வைப் போட்டு வைத்தால் நீங்கள் அனுப்பியதும் வந்ததும் பைட் பைட்டாக ஒரு ஃபைலில் பதிவாகும். அதில் என்டருக்கு என்ன போனது, கிளியருக்கு என்ன போனது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, புரியாத வரி இருந்தால் எனக்கு எழுதுங்கள்.